அத்தியாயம் 7: கராஜ் கதவின் ஸ்பிரிங் – பார்க்க வேண்டியதும் தொடக் கூடாததும்

வீட்டில் அசையும் பொருள்களிலேயே அதிக எடை கொண்டது கராஜ் கதவுதான். அமெரிக்காவிலும் கனடாவிலும் ஒரு கார் நிற்கும் கராஜுக்கு 8 அல்லது 9 அடி அகலத்திலும், இரண்டு கார் நிற்கும் கராஜுக்கு 16 அடி அகலத்திலும் கதவு போடுவது வழக்கம். உயரம் பெரும்பாலும் 7 அடி. மெல்லிய தகட்டில் செய்த சிறிய கதவே 35, 40 கிலோ இருக்கும். குளிர் புகாமல் உள்ளே பஞ்சு அடைத்த பெரிய கதவு 70 கிலோவில் தொடங்கி 100 கிலோவையும் தொடும். மரக் கதவு அதற்கும் மேல்.

இந்த எடையைத் தூக்குவது மோட்டார் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். மோட்டார் கதவை நகர்த்தும், நிறுத்தும். எடையைச் சுமப்பது ஸ்பிரிங். ஸ்பிரிங் நன்றாக இருந்தால், மோட்டாரின் பிடியை விடுவித்த பிறகும் கதவை ஒரு கையால் உயர்த்திவிடலாம். ஸ்பிரிங் உடைந்தால், அதே மோட்டார் கதவைச் சில அங்குலம் உயர்த்திவிட்டு, முனகிக்கொண்டே நின்றுவிடும்.

எனவே கராஜ் கதவின் பராமரிப்பு என்பது முக்கால்வாசி ஸ்பிரிங்கின் பராமரிப்பு. அதில் வீட்டுக்காரர் செய்ய வேண்டிய வேலைகள் நிறைய உண்டு, எல்லாமே எளிமையானவை. வீட்டுக்காரர் தொடவே கூடாத சில பாகங்களும் உண்டு. கண்ணால் பார்ப்பது, காதால் கேட்பது, துடைப்பது, எண்ணெய் அடிப்பது, சோதித்துப் பார்ப்பது உங்கள் வேலை. இழுவிசையைத் தாங்கி நிற்கும் எதையும் தளர்த்துவதும் கழற்றுவதும் பயிற்சி பெற்ற மெக்கானிக்கின் வேலை. இந்தக் கோட்டைத் தாண்டாமல் இருந்தால் கதவு நீண்ட நாள் உழைக்கும். வீட்டில் யாருக்கும் காயம் படாது.

உங்கள் கதவில் இருப்பது எந்த ஸ்பிரிங்?

கராஜுக்குள் நின்று, கதவை மூடிவிட்டு, அதன் மேல்விளிம்புக்கு மேலே பாருங்கள். கதவின் அகலம் முழுக்க ஓர் இரும்புத் தண்டு ஓடுகிறதா? அந்தத் தண்டின்மேல் தடித்த ஸ்பிரிங் ஒன்றோ இரண்டோ கோத்திருக்கிறதா? அது முறுக்கு ஸ்பிரிங். மெக்கானிக்குகள் டார்ஷன் ஸ்பிரிங் என்பார்கள். தண்டின் இரு முனைகளிலும் டிரம் இருக்கும். டிரம்மிலிருந்து இறங்கும் எஃகுக் கேபிள், கதவின் அடி மூலையில் உள்ள பிராக்கெட்டில் மாட்டியிருக்கும். கதவு கீழே வரும்போது தண்டு சுழன்று ஸ்பிரிங்கை முறுக்கும். மேலே போகும்போது அந்த முறுக்கு அவிழ்ந்து, கேபிளைச் சுற்றிக்கொண்டு, கதவின் எடையை ஏந்திக்கொள்ளும்.

தண்டு இல்லாமல், கூரையை ஒட்டி ஓடும் இரண்டு டிராக்குகளுக்கு மேலே பக்கத்துக்கு ஒன்றாக நீளமான ஸ்பிரிங் இருந்தால், அது இழுவை ஸ்பிரிங். எக்ஸ்டென்ஷன் ஸ்பிரிங் என்று கேட்டால் கடையில் புரியும். கதவு மூடும்போது இது நீண்டு இழுபடும், திறக்கும்போது சுருங்கும். பழைய வீடுகளிலும் எடை குறைந்த கதவுகளிலும் இதை அதிகம் காணலாம்.

இரண்டுக்கும் ஆபத்து வேறு வேறு. முறுக்கு ஸ்பிரிங் உடைந்தாலும் பெரும்பாலும் தண்டின்மேலேயே தங்கிவிடும். அதைக் கழற்றவோ முறுக்கவோ முயலும்போதுதான் அது ஆளை அடிக்கிறது. இழுவை ஸ்பிரிங்கோ யாரும் தொடாமல் இருக்கும்போதே அறுந்து, கராஜின் குறுக்கே பறக்கக்கூடியது. அதைத் தடுக்க ஒரு பாதுகாப்புக் கேபிள் ஸ்பிரிங்கின் நடுவே நுழைந்து, இரு முனைகளிலும் கட்டப்பட்டிருக்க வேண்டும். ஸ்பிரிங் அறுந்தாலும் துண்டுகள் அந்தக் கேபிளிலேயே தொங்கி நிற்கும். உங்கள் கதவில் இழுவை ஸ்பிரிங் இருந்து, அதனுள்ளே கேபிள் இல்லை என்றால், இந்த அத்தியாயத்தின் மற்ற வேலைகளுக்கு முன்னால் மெக்கானிக்கை அழைத்து அதைப் போடச் சொல்லுங்கள். செலவு சிறிது, அது இல்லாத கராஜில் பிள்ளைகளை விளையாட விடாதீர்கள்.

ஸ்பிரிங்குக்குள் எவ்வளவு விசை இருக்கிறது?

சுமார் 68 கிலோ, அதாவது 150 பவுண்டு எடையுள்ள, இரண்டு முறுக்கு ஸ்பிரிங் கொண்ட ஒரு கதவை எடுத்துக்கொள்வோம். டிரம் 4 அங்குல விட்டம் உள்ளது. 7 அடி உயரக் கதவு முழுதாக இறங்க, தண்டு ஏறத்தாழ ஏழு சுற்றுச் சுழல வேண்டும். கதவு முழுதாகத் திறந்திருக்கும்போதும் கேபிள் தொய்யாமல் இருக்கக் கொஞ்சம் முறுக்கு மிச்சம் வைப்பார்கள். எல்லாம் சேர்த்து, மூடிய நிலையில் ஸ்பிரிங் சுமார் ஏழரைச் சுற்று முறுக்கேறி நிற்கிறது. இரண்டு ஸ்பிரிங்கிலும் அப்போது சேர்ந்திருக்கும் ஆற்றல் ஏறக்குறைய 800 ஜூல். 10 கிலோ அரிசி மூட்டையை 8 மீட்டர் உயரத்திலிருந்து போட்டால் எவ்வளவு வேகமாகத் தரையில் மோதுமோ, அந்த அடி.

இந்த ஆற்றல் கைக்குத் தெரியாது என்பதுதான் பெரிய ஆபத்து. முறுக்கு ஸ்பிரிங்கை ஏற்ற மெக்கானிக்குகள் 18 அங்குல நீளமுள்ள இரும்புக் கம்பிகள் இரண்டைப் பயன்படுத்துகிறார்கள். ஸ்பிரிங்கின் முனையில் இருக்கும் கூம்பில் நான்கு துளைகள் உண்டு. ஒரு துளையில் ஒரு கம்பியை நுழைத்துக் கால் சுற்றுச் சுற்றிப் பிடித்துக்கொண்டு, அடுத்த துளையில் இரண்டாவது கம்பியை நுழைத்து, முதல் கம்பியை எடுத்து, இப்படியே முப்பது முறை மாற்றி மாற்றிச் சுற்றுவார்கள். கம்பி நீளமாக இருப்பதால், நாம் சொன்ன கதவில் ஒவ்வொரு ஸ்பிரிங்கும் முழுதாக முறுக்கேறிய பிறகும் கையில் உணரும் பாரம் நாலைந்து கிலோதான். வீடியோவில் பார்ப்பவருக்கு இது சாதாரண வேலையாகத் தெரிவது அதனால்தான்.

அந்த நாலைந்து கிலோ, கம்பி துளைக்குள் சரியாக அமர்ந்திருக்கும் வரைக்கும்தான். கம்பிக்குப் பதிலாகத் திருப்புளியை நுழைத்து அது வழுக்கினாலோ, கம்பி துளையின் அடிவரை போகாமல் நழுவினாலோ, முறுக்கு முழுவதும் ஒரே நொடியில் அவிழும். கூம்பு சுழலும் வேகத்தில் அந்தக் கம்பியும் சுழன்று, வழியில் இருக்கும் விரலையோ மணிக்கட்டையோ முகத்தையோ தாக்கும். கையை இழுத்துக்கொள்ள நேரம் கிடைக்காது. எச்சரிக்கையாகச் செய்தால் போதும் என்று இதில் இறங்காதீர்கள். சரியான கருவியும், நிற்க வேண்டிய இடமும், பலமுறை செய்து பழகிய கையும் சேர்ந்துதான் மெக்கானிக்கைக் காப்பாற்றுகின்றன. இந்த மூன்றும் நம் வீட்டில் கிடையாது.

எத்தனை வருடம் உழைக்கும்?

ஸ்பிரிங்கின் ஆயுளைத் திறந்து மூடும் எண்ணிக்கையில்தான் கணக்கிடுகிறார்கள். ஒரு முறை திறந்து ஒரு முறை மூடினால் அது ஒரு சுற்று. வழக்கமாகப் போடும் ஸ்பிரிங் 10,000 சுற்றுக்குக் கணக்கிட்டுச் செய்யப்படுகிறது. ஒரு நாளைக்கு இரண்டு சுற்று என்றால் 13 வருடத்துக்கு மேல் வரும். நான்கு என்றால் ஏழு வருடத்துக்குச் சற்றுக் குறைவு. எட்டு என்றால் மூன்றரை வருடம்கூட வராது.

நம் வீடுகளில் இந்தக் கணக்கு முக்கியம். பல வீடுகளில் முன்வாசல் கதவு விருந்தாளிக்கு மட்டும். வீட்டார் போவதும் வருவதும் கராஜ் வழியாகத்தான். இரண்டு பேர் வேலைக்குப் போவது, பிள்ளைகள் பள்ளி பஸ்ஸுக்கு ஓடுவது, குப்பைத் தொட்டியை வெளியே வைப்பது, அரிசி மூட்டையை எடுத்து உள்ளே வைப்பது எல்லாம் சேர்ந்தால் நாளுக்கு எட்டுச் சுற்று எளிதாக ஆகிவிடும். புது வீட்டில் குடியேறிய நான்காம் வருடமே ஸ்பிரிங் உடைந்தால், கட்டியவர் மட்டமான பொருளைப் போட்டுவிட்டார் என்று முடிவு கட்டுவதற்கு முன் இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள்.

இப்படி அதிகம் புழங்கும் வீட்டில் அடுத்த முறை மாற்றும்போது 20,000 அல்லது 25,000 சுற்றுக்கான ஸ்பிரிங்கைக் கேட்டு வாங்குங்கள். கம்பி தடிமனாகவும் ஸ்பிரிங் நீளமாகவும் இருக்கும்; விலை கூடுதல்தான். ஆனால் மெக்கானிக் வந்து போகும் கூலி இரண்டு முறைக்குப் பதில் ஒரு முறையோடு முடியும். நடந்து போவதற்குப் பக்கவாட்டுக் கதவு இருந்தால் அதைப் பயன்படுத்துவதும் ஸ்பிரிங்கின் ஆயுளைக் கூட்டும்.

மாதம் ஒரு முறை: கால் மணி நேரச் சோதனை

மாதத்தின் முதல் சனிக்கிழமை என்று ஒரு நாளை வைத்துக்கொள்ளுங்கள். பிள்ளைகள் கராஜுக்கு வெளியே இருக்கட்டும். கதவை முழுதாக மூடிவிட்டு, நல்ல டார்ச் விளக்கோடு கீழ்க்கண்ட வரிசையில் செய்யுங்கள்.

1. ஸ்பிரிங்கைப் பாருங்கள். முறுக்கு ஸ்பிரிங்கின் சுருள்கள் இடைவெளி இல்லாமல் ஒரே சீராக இருக்க வேண்டும். ஓரிடத்தில் இரண்டு அங்குலம் அளவுக்கு விலகி, உள்ளே தண்டு தெரிந்தால், அது உடைந்துவிட்டது. சோதனையை அங்கேயே நிறுத்துங்கள். இழுவை ஸ்பிரிங்கில், முனைக் கொக்கி வாய் பிளந்திருக்கிறதா, கப்பி ஆடுகிறதா, பாதுகாப்புக் கேபிள் இரு முனையிலும் கட்டியிருக்கிறதா என்று பாருங்கள்.

2. ஸ்பிரிங்கைத் தாங்கும் பலகையைப் பாருங்கள். கதவுக்கு மேலே, சுவரின் நடுவில், ஒரு மரப் பலகையில்தான் நடு பிராக்கெட்டைத் திருகியிருப்பார்கள். முறுக்கு ஸ்பிரிங்கின் மொத்த இழுப்பும் அதில்தான் இறங்குகிறது. பலகையில் வெடிப்பு இருந்தாலோ, பிராக்கெட்டுக்கும் பலகைக்கும் நடுவே இடைவெளி தெரிந்தாலோ, உடனே மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள். அந்தத் திருகாணியை நீங்கள் முறுக்க வேண்டாம்.

3. கேபிளைப் பாருங்கள். கவனிக்க வேண்டிய இடம், தரையிலிருந்து ஓர் அடி உயரத்துக்குள். பனிக்காலத்தில் காரிலிருந்து வழியும் உப்புத் தண்ணீர் கராஜ் தரையில் தேங்கி, கதவின் அடி பிராக்கெட்டையும் கேபிளின் கடைசி சில அங்குலங்களையும் அரிக்கிறது. கேபிள் மெல்லிய எஃகு இழைகளை முறுக்கிச் செய்தது. ஒரே ஓர் இழை அறுந்து முள்ளாக வெளியே நீட்டியிருந்தாலும் கேபிளை மாற்ற வேண்டும். விரலால் தடவிப் பார்க்காதீர்கள், கண் போதும்.

4. கதவைக் கையால் தூக்கிப் பாருங்கள். எல்லாச் சோதனைகளிலும் இதுதான் தலையாயது. கதவு முழுதாக மூடியிருக்கும்போது மட்டும், மோட்டாரிலிருந்து தொங்கும் சிவப்புக் கயிற்றை இழுத்துப் பிடியை விடுவியுங்கள். கைப்பிடியைப் பிடித்து மெதுவாகத் தூக்குங்கள். பலகைகள் சேரும் இடுக்கில் விரலை வைக்காதீர்கள். இடுப்பு உயரத்துக்கு, மூன்று நான்கு அடிக்கு வந்ததும் பிடியைத் தளர்த்திப் பாருங்கள். கையை முழுதாக எடுத்துவிட வேண்டாம். கதவு அங்கேயே நின்றால் ஸ்பிரிங் சரியாக இருக்கிறது. கீழே இறங்கினால் ஸ்பிரிங் தளர்ந்துவிட்டது. தானாக மேலே ஏறினால் முறுக்கு அதிகம். இரண்டுக்கும் மெக்கானிக் தேவை. தூக்கத் தொடங்கும்போதே கதவு கனமாக இருந்தால், பலம் கொடுத்துத் தூக்காமல் அப்படியே இறக்கிவிடுங்கள். சோதனை முடிந்ததும் கதவை மூடி, மோட்டாரின் பிடியை மறுபடி சேர்த்துவிடுங்கள்.

5. மோட்டாரின் பாதுகாப்பைச் சோதியுங்கள். ஒன்றரை அங்குலத் தடிமனுள்ள மரத்துண்டைக் கதவு வந்து இறங்கும் இடத்தில் தட்டையாக வைத்து, பொத்தானை அழுத்துங்கள். மரத்தில் பட்டதும் இரண்டு நொடிக்குள் கதவு திரும்பி மேலே போக வேண்டும். அடுத்து, கதவு இறங்கும்போது ஒரு துடைப்பக் கட்டையால் சென்சாரின் ஒளியை மறையுங்கள். அப்போதும் கதவு திரும்ப வேண்டும். இரண்டில் ஒன்று நடக்காவிட்டாலும், சரிசெய்யும் வரை மோட்டாரைப் பயன்படுத்தாதீர்கள்.

சென்சார்கள் கதவின் இரு பக்கமும், தரையிலிருந்து ஆறு அங்குலத்துக்கு மேல் போகாமல் இருக்க வேண்டும். தவழும் குழந்தையும் கண்ணில் படுவதற்காகவே இந்த உயரம். 1993 ஜனவரி 1 முதல் அமெரிக்காவில் விற்பனைக்காகச் செய்யப்பட்ட வீட்டு மோட்டார்களுக்கு இப்படியொரு கூடுதல் பாதுகாப்பைச் சட்டம் கட்டாயமாக்கியது. கதவின் விளிம்பிலோ பக்கத்திலோ எந்தச் சென்சாரும் இல்லாத மோட்டார் உங்கள் வீட்டில் இன்னும் ஓடிக்கொண்டிருந்தால், அது அந்தச் சட்டத்துக்கு முந்தையது. பழுது பார்க்க வேண்டாம், மாற்றிவிடுங்கள்.

நாலாவது சோதனையை ஏன் மாதந்தோறும் செய்யச் சொல்கிறேன் என்றால், ஸ்பிரிங் தளர்வதை மோட்டார் மறைத்துவிடுகிறது. ஸ்பிரிங் சுமக்காத பத்துக் கிலோவை அது சத்தம் போடாமல் தூக்கிக்கொண்டே இருக்கும். உள்ளே பல்சக்கரம் தேய்வது யாருக்கும் தெரியாது. கையால் தூக்கிப் பழகியவருக்கு, போன மாதத்துக்கும் இந்த மாதத்துக்கும் உள்ள வித்தியாசம் கையிலேயே தெரிந்துவிடும். கனம் கூடிக்கொண்டு வருகிறது என்று தெரிந்த அன்றே மெக்கானிக்கை வரச் சொன்னால், அவசரக் கூலி இல்லாமல், வசதியான ஒரு நாளில் வேலை முடியும்.

எண்ணெய் போடுவது

வருடத்துக்கு இரண்டு முறை போதும்: பனிக்காலம் தொடங்கும் முன் ஒரு முறை, முடிந்த பிறகு ஒரு முறை. கராஜ் கதவுக்கென்றே விற்கும் சிலிக்கோன் அல்லது லித்தியம் ஸ்பிரேயை வாங்குங்கள். துரு இளக்குவதற்காக எல்லா வீட்டிலும் இருக்கும் சாதாரண ஸ்பிரே இதற்கு உதவாது. அது பழைய பசையைக் கரைத்துவிட்டுச் சீக்கிரம் ஆவியாகிவிடும்.

கதவை மூடி, மோட்டாரின் மின் இணைப்பைப் பிடுங்கிவிட்டு, முறுக்கு ஸ்பிரிங்கின் நீளம் முழுவதும் மேலாக ஸ்பிரே அடியுங்கள். சுருள்கள் ஒன்றோடொன்று உரசித் தேய்வதையும் துரு பிடிப்பதையும் அது குறைக்கும். துருப்பிடித்த கம்பியின் மேற்பரப்பில் உண்டாகும் சிறு குழிகளிலிருந்துதான் வெடிப்பு தொடங்குகிறது. பிறகு கீல்களுக்கும், ரோலரின் நடுவே உள்ள பேரிங்குக்கும், தண்டின் இரு முனைகளில் உள்ள பேரிங்குக்கும் ஒவ்வொரு சொட்டு. நைலான் சக்கரத்தின்மேல் அடிக்க வேண்டாம்.

டிராக்குக்குள் எண்ணெய் கூடாது. ரோலர் அதில் உருள வேண்டும். எண்ணெய் போட்டால் தூசி அப்பி, பசையாகி, ரோலர் வழுக்கும். ஈரத் துணியால் துடைத்தால் போதும். கராஜில் அடுப்பு வைத்து மீன் பொரிக்கும் வீடுகளில் எண்ணெய்ப் புகை டிராக்கிலும் சென்சார் கண்ணாடியிலும் படியும். அந்த வீட்டார் மாதச் சோதனையிலேயே இரண்டையும் துடைத்துவிடுங்கள்.

சமைக்கும்போது காற்றுக்காகக் கதவைப் பாதி திறந்து வைக்கும் பழக்கத்தையும் இங்கே சொல்லியாக வேண்டும். அந்த நேரத்தில் ஸ்பிரிங்கோ கேபிளோ அறுந்தால், தலைக்கு மேலே தொங்கும் மொத்த எடைக்கும் மோட்டாரின் பிடி ஒன்றுதான் தடை. சமைக்கும்போது கதவு முழுதாகத் திறந்திருக்கட்டும், மற்ற நேரங்களில் முழுதாக மூடியிருக்கட்டும். பாதியில் நிற்கும் கதவின் அடியில் யாரும் குனிந்து போய் வரக் கூடாது.

பனிக்காலம்

கடுங்குளிர் விடியற்காலையில் ஸ்பிரிங் உடைவது மெக்கானிக்குகள் நன்றாக அறிந்த விஷயம். குளிரில் எஃகு விறைத்து, நெகிழ்ந்து கொடுக்கும் தன்மையை இழக்கிறது. ஏற்கெனவே நுண்ணிய வெடிப்பு உள்ள ஸ்பிரிங், அன்றைய முதல் அசைவில் பட்டென்று போய்விடும். பழைய எண்ணெயும் இறுகி, கதவை நகர்த்தக் கூடுதல் விசை கேட்கும்.

இரவில் கதவின் அடி ரப்பர் தரையோடு உறைந்து ஒட்டிக்கொள்வதும் உண்டு. பொத்தானை அழுத்தியும் கதவு அசையவில்லை என்றால் திரும்பத் திரும்ப அழுத்தாதீர்கள். ரப்பர் கிழியும், மோட்டாரும் கேபிளும் சேதமாகும். உறைந்த இடத்தில் வெதுவெதுப்பான தண்ணீரை ஊற்றியோ, பிளாஸ்டிக் சுரண்டியால் பனிக்கட்டியை எடுத்தோ விடுவியுங்கள். கதவு திறந்ததும் தரையை நன்றாகத் துடைத்துக் காயவிடுங்கள். ஊற்றிய தண்ணீரே மறுபடி உறையும். நவம்பரிலேயே அடி ரப்பரில் சிலிக்கோன் ஸ்பிரே அடித்துவைத்தால் ஒட்டுவது குறையும்.

குளிருக்காகப் பழைய கதவின் உட்புறம் நீங்களே வெப்பத் தடுப்பு அட்டைகளை ஒட்டுவதாக இருந்தால், கதவின் எடை கூடும் என்பதை மறவாதீர்கள். ஸ்பிரிங்கைத் தேர்ந்தெடுத்தது பழைய எடைக்கு. அட்டை ஒட்டியதும் கையால் தூக்கும் சோதனையைச் செய்யுங்கள். கதவு இடுப்பு உயரத்தில் நிற்காவிட்டால் மெக்கானிக்கை அழைத்து எடைக்கேற்ப ஸ்பிரிங்கைச் சரிசெய்யச் சொல்லுங்கள். கண்ணாடி வைத்த பலகையை மாற்றினாலும் இதே விதி.

தொடக் கூடாத நான்கு இடங்கள்

- ஸ்பிரிங்கின் முனையிலுள்ள கூம்பும், அதைத் தண்டோடு பிடித்திருக்கும் சிறு திருகாணிகளும். இவற்றைத் தளர்த்தினால் முறுக்கு முழுவதும் ஒரே நொடியில் விடுபடும்.
- சுவர் நடுவே உள்ள பிராக்கெட். ஸ்பிரிங்கின் மறுமுனை இதில்தான் பூட்டியிருக்கிறது.
- கதவின் அடி மூலை பிராக்கெட்டுகள். பார்ப்பதற்குச் சாதாரண இரும்புத் துண்டு. அதில்தான் கேபிள் மாட்டியிருக்கிறது. கதவு மூடியிருக்கும்போது ஸ்பிரிங்கின் முழு இழுப்பும் இங்கே இருக்கிறது. ரோலரை மாற்றலாம் என்று கடைசி ரோலருக்காக இதைக் கழற்றப் போய்க் காயப்படுபவர்கள் உண்டு. பல நிறுவனங்கள் இதன் திருகாணிகளுக்கு எச்சரிக்கையாகச் சிவப்பு வண்ணம் பூசுகின்றன.
- கேபிளும் டிரம்மும். கேபிள் டிரம்மிலிருந்து நழுவித் தொங்கினாலும் கையால் எடுத்துச் சுற்றாதீர்கள்.

சில கதவுகளில் ஸ்பிரிங் ஒரு குழாய்க்குள் மறைந்திருக்கும். கண்ணுக்குத் தெரியாததால் விசை இல்லை என்று நினைத்துவிட வேண்டாம்; அதற்கும் இதே தடைதான்.

ஸ்பிரிங் உடைந்துவிட்டால்

முறுக்கு ஸ்பிரிங் உடையும்போது வீடே அதிரும்படி ஒரு வெடிச் சத்தம் கேட்கும். ஏதோ விழுந்துவிட்டது என்று ஓடிவந்து பார்ப்பவர்களுக்கு ஒன்றும் தெரியாது. மறுநாள் காலை கதவு திறக்காதபோதுதான் விஷயம் புரியும். சத்தம் கேட்டால் உடனே போய் ஸ்பிரிங்கில் இடைவெளி தெரிகிறதா என்று பாருங்கள்.

கதவு மூடியிருந்தால்: அவசரம் எதுவும் இல்லை. மோட்டாரின் மின் இணைப்பைப் பிடுங்குங்கள். யாரும் தெரியாமல் அழுத்திவிடாமல் இருக்கச் சுவர்ப் பொத்தானின் மேல் ஒரு தாளை ஒட்டுங்கள். கார் உள்ளே மாட்டிக்கொண்டது என்பதற்காக 70 கிலோ, 100 கிலோ கதவைத் தூக்க முயலாதீர்கள். அன்று டாக்சியில் போகலாம். யாருக்காவது உடம்பு சரியில்லை என்றால் ஆம்புலன்ஸை அழையுங்கள்.

கதவு திறந்திருந்தால்: இதுதான் உண்மையான ஆபத்து. சிவப்புக் கயிற்றை மட்டும் இழுக்கவே கூடாது. இழுத்தால் கதவு மொத்த எடையோடு விழும். பொத்தானையும் அழுத்தாதீர்கள். காரையோ பொருளையோ எடுக்கக் கதவுக்கு அடியில் போகாதீர்கள். எல்லோரையும் வீட்டுக்குள் அனுப்பி, கராஜுக்குள் வரும் உள்கதவைப் பூட்டி, வெளியே வழியை மறித்துவிட்டு மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள். கதவு திறந்தபடி நிற்கிறது என்று முதலிலேயே சொல்லுங்கள், விரைவாக வருவார்கள்.

மெக்கானிக்கிடம் கேட்க வேண்டியவை

கதவு மூடியிருந்தால் இரண்டு மூன்று இடங்களில் விலை கேட்க நேரம் இருக்கிறது. ஸ்பிரிங், கூலி, வந்து போகும் கட்டணம் மூன்றையும் தனித்தனியாக எழுதித் தரச் சொல்லுங்கள். இரண்டு ஸ்பிரிங் உள்ள கதவில் ஒன்று உடைந்தால் இரண்டையும் சேர்த்தே மாற்ற வேண்டும். இரண்டும் ஒரே நாளில் போட்டவை, ஒரே அளவு உழைத்தவை; மற்றதும் சீக்கிரம் போகும். இதை மெக்கானிக் சொன்னால் அது வியாபாரத் தந்திரம் அல்ல.

புது ஸ்பிரிங்கின் கம்பித் தடிமன், உள்விட்டம், நீளம், எத்தனை சுற்றுக்கானது என்ற நான்கையும் பில்லில் எழுதி வாங்குங்கள். ஆயுள் முழுவதும் உத்தரவாதம் என்று யாராவது சொன்னால், அது ஸ்பிரிங்குக்கு மட்டுமா, கூலிக்கும் சேர்த்தா என்று கேளுங்கள். வேலை முடிந்ததும், அவர் கிளம்பும் முன்பே, மோட்டாரின் பிடியை விடுவித்துக் கதவை இடுப்பு உயரத்தில் நிறுத்திக் காட்டச் சொல்லுங்கள். நல்ல மெக்கானிக் நீங்கள் கேட்காமலே அதைச் செய்து காட்டுவார்.

வீட்டில் எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டியவை

ஊரிலிருந்து வந்து தங்கும் அப்பா அம்மாவுக்கும் தாத்தா பாட்டிக்கும் இந்தக் கதவு புதிது. பேரப்பிள்ளையைப் பஸ்ஸில் ஏற்றிவிட அவர்கள்தான் தினமும் அதைத் திறக்கிறார்கள். வந்த முதல் வாரத்திலேயே கதவின் முன் நிறுத்தி, நேரில் காட்டிச் சொல்லிக்கொடுங்கள்.

- கதவு அசையும்போது அதன் அடியில் யாரும் போகக் கூடாது. குனிந்து ஓடுவது விளையாட்டல்ல.
- பொத்தானை அழுத்தியவர் கதவு முழுதாக நிற்கும் வரை அங்கேயே நின்று பார்க்க வேண்டும்.
- சிவப்புக் கயிறு எதற்கு, எப்போது இழுக்கலாம், எப்போது இழுக்கக் கூடாது என்று பெரியவர்கள் எல்லோருக்கும் தெரிய வேண்டும்.
- சுவர்ப் பொத்தான் தரையிலிருந்து 5 அடிக்கு மேல் இருக்க வேண்டும். ரிமோட் பிள்ளைகள் கையில் விளையாட்டுப் பொருளாக இருக்கக் கூடாது.
- டிராக்கிலோ ஸ்பிரிங்கிலோ துணி, சைக்கிள், பை எதையும் தொங்கவிடக் கூடாது. சாமான் பெட்டிகள் டிராக்கையும் சென்சாரையும் தொடாமல் ஓர் அடி தள்ளியே இருக்க வேண்டும்.
- பெரிய சத்தம் கேட்டாலோ, கதவு கோணலாக ஏறினாலோ, கேபிள் தொங்கினாலோ, பொத்தானைத் தொடாமல் வீட்டில் பெரியவரிடம் சொல்ல வேண்டும்.

கடைசியாக, ஒரு வெள்ளைத் தாளில் ஸ்பிரிங் போட்ட மாதமும் வருடமும், அது எத்தனை சுற்றுக்கானது என்பதும், உங்கள் வீட்டில் ஒரு நாளைக்கு எத்தனை சுற்று ஆகிறது என்பதும், மெக்கானிக்கின் தொலைபேசி எண்ணும் எழுதிச் சுவர்ப் பொத்தானுக்குப் பக்கத்தில் ஒட்டுங்கள். ஒவ்வொரு மாதச் சோதனைக்குப் பிறகும் அதே தாளில் தேதி போட்டு, கதவு இடுப்பு உயரத்தில் நின்றதா, இறங்கியதா என்று ஒரு சொல் எழுதுங்கள். "இறங்கியது" என்று எழுத நேரும் மாதமே மெக்கானிக்கை அழைக்க வேண்டிய மாதம்.